பயிர் நடுவே ஒரு பாதை

ஏப்ரல் மாதத்தின் கடைசியில், இங்கிலாந்தின் தென்பகுதியிலே, கணுக்காலைத் தாண்டி முழங்காலை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும் கோதுமை வயல் ஒன்றின் எதிரே போய் நின்றால், நம் நாட்டு உழவர் எவரும் திடுக்கிடத்தக்க காட்சி ஒன்றைக் காணலாம். வயலின் ஓரத்திலே அன்று, வரப்பின் மேலே அன்று, பயிரின் நட்ட நடுவே, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, 1 மீட்டர் அகலத்தில் வெறும் மண் கோடு ஒன்று நேராக ஓடும். ஆடுமாடுகள் புகுந்து மேய்ந்ததனால் உண்டான கோடு அன்று அது. அயலார் அத்துமீறி மிதித்து உண்டாக்கியதும் அன்று. வயலுக்கு உடையவரே, விதைத்த சில நாட்களுக்குள், தம்முடைய டிராக்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டியோ, முளைத்ததன் மேல் களைக்கொல்லி தெளித்தோ, தம் பயிரைத் தாமே அழித்து அமைத்துக் கொடுத்த பாதை. முன்பின் அறியாத யாரோ ஒருவர், என்றைக்கோ ஒரு நாள், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அவ்வழியே நடந்து போகக்கூடும் என்பதற்காகவே அவர் அப்படிச் செய்கிறார்.

அவ்வாறு நடந்து போகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். சனி ஞாயிறுகளிலும், ஓய்வு பெற்றவர்களாயின் வாரத்தின் நடுவிலும், பத்துப் பேராகவும் இருபது பேராகவும் கூடி, காலையில் ஒரு கிராமத்தில் புறப்பட்டு, வயல்களினூடே இரண்டு மூன்று கிராமங்களைத் தொட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது அந்நாட்டு மக்களின் நெடுநாளைய வழக்கம். இதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனங்களுள் பெரியதாகிய ராம்ப்ளர்ஸ் சங்கம் 1935-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. நாடெங்கும் அதற்குக் கிளைகள் உண்டு. நடையை முன்னின்று நடத்துகிறவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். இதை உடற்பயிற்சி என்று சொல்லலாம், உல்லாசம் என்றும் சொல்லலாம், இரண்டும் தவறல்ல. ஆயினும், அவர்களோடு நடந்து பார்த்த எனக்கு இதன் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. அந்தப் பாதைகள் இன்று இருப்பதற்குக் காரணம் இவர்கள் நடப்பதுதான். நடை நின்றால் பாதையும் இல்லாமற் போய்விடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பதிவு பெற்றுள்ள இத்தகைய பொதுப்பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். பூமியை அதன் நடுக்கோட்டில் ஐந்து முறை சுற்றி வந்த பிறகும் மிச்சமிருக்கும் தூரம். இவற்றிற் பெரும்பகுதி தனியார் நிலத்தின் மேல் செல்வது. நிலம் ஒருவருடையது, அதன்மேல் வழிநடைப் பாத்தியதை எல்லாருடையது. இந்தப் பாதைகளிற் பெரும்பாலானவற்றை எந்த அரசனும் வகுக்கவில்லை, எந்தப் பொறியாளரும் அளந்து போடவில்லை. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போன குடும்பங்களும், தானியத்தை மாவாக்க ஆலைக்குச் சுமந்து சென்றவர்களும், சந்தைக்கு மாடு ஓட்டியவர்களும், விடியுமுன் அயலூர்ப் பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போன ஏழைகளும் தலைமுறை தலைமுறையாகக் காலால் எழுதி வைத்தவை அவை. 1604-க்கும் 1914-க்கும் இடையே பாராளுமன்றத்தில் வந்த 5,200-க்கு மேற்பட்ட மசோதாக்களின் பயனாய், ஊர்ப் பொதுநிலங்களும் திறந்த வயல்களுமாகிய சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலியிட்டுத் தனியுடைமை ஆக்கப்பட்டபோது, ஏழைகளுக்கு மேய்ச்சலும் விறகும் பறிபோயின. அந்தப் பேரிழப்பினூடே அவர்கள் கையில் எஞ்சி நின்ற உரிமைகளில் ஒன்று இந்த நடைபாதை என்பதை நினைக்கும்போது, அதை அற்பமாகக் கருத மனம் வருவதில்லை.

சட்டம் இந்தப் பாத்தியதையைக் காப்பதற்கு மேற்கொண்டிருக்கும் முறை மிகவும் நுணுக்கமானது. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றிய விதியின்படி, மக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவு மறைவின்றி, யாருடைய அநுமதியையும் கேளாமல் பயன்படுத்தி வந்திருந்தால், நிலத்துக்கு உடையவர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்துவிட்டதாகவே கொள்ளப்படும். இது காரணமாகவே, சில நிலவுடைமையாளர்கள் ஆண்டில் ஒரு நாள் மட்டும் வாயிலைப் பூட்டி வைத்து, தாம் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் காட்டிக்கொள்ளுவதுண்டு. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கிராமச் சபைகளின் உதவியோடு பாதைகள் கணக்கெடுக்கப்பட்டு, மாகாணம்தோறும் நிலைப்படங்கள் வரையப்பட்டன. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உழவரின் கடமையை வரையறுக்கிறது: வயலின் நடுவே செல்லும் பாதையை உழவு வசதிக்காகக் கலைக்கலாம், ஆனால் முதல் உழவு நடந்த 14 நாட்களுக்குள் அதைச் செப்பனிட்டு, குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குக் கண்ணுக்குத் தெரியும்படி செய்துவிட வேண்டும், பயிர் வளர்ந்து அதன்மேல் சாயவும் விடக்கூடாது. வயலோரமாகச் செல்லும் பாதையை உழவே கூடாது.

ஒரு முறை பொதுவழியாகிவிட்டது, நடப்பாரற்றுப் போனாலும், முறைப்படி நீக்கப்படும் வரையில் பொதுவழியே என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ஏட்டளவில் இப்பாதைகளுக்கு மரணம் இல்லை. ஆனால் மண்ணளவில் அவை எளிதில் மடிந்துவிடுகின்றன: ஓரிரண்டு கோடைகள் யாரும் நடவாதிருந்தால் முட்செடி மூடிக்கொள்ளுகிறது, யாரோ ஒருவர் கம்பி கட்டுகிறார், கேட்பார் இல்லை என்று தெரிந்ததும் வாயில் அடைபடுகிறது, அடுத்த தலைமுறைக்கு அங்கே வழி இருந்த செய்தியே தெரியாது. 2020-ஆம் ஆண்டில் ராம்ப்ளர்ஸ் சங்கத்தார் ஆயிரக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு பழைய படங்களையும் இன்றைய படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பதிவேட்டில் இடம்பெறாமல் விடுபட்டுப்போன பாதைகள் 49,000 மைலுக்கு மேல் இருப்பதாகக் கண்டார்கள். சட்டம் தரும் நித்தியத்துவம் மனிதர்களின் காலடியைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது.

இனி நடையைப் பார்ப்போம். லண்டனின் வடமேற்கே, மெட்ரோபாலிட்டன் ரயில் நகரத்தைக் கடந்து வெளிநிலங்களில் ஓடத் தொடங்குமிடத்தில், சில்டர்ன் குன்றுகளின் மடியிலே செஸ் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. செஷாம் அருகே ஊற்றெடுத்து, ரிக்மன்ஸ்வர்த்தில் கோல்ன் ஆற்றோடு கலக்கும் வரையில் அதன் நீளம் 18 கிலோமீட்டருக்கு மேற்படாது. அதன் இரு பக்கத்து மேடுகளிலும் உள்ள சாரட், லாட்டிமர், செய்னீஸ் என்னும் கிராமங்களை இணைக்கும் வயற்பாதைகளைப்போல வசந்தருதுவின் நடைக்கு ஏற்ற இடம் நான் அறிந்தவரையில் வேறில்லை. 1889-ல் அருகிலுள்ள சோர்லிவுட் ரயில் நிலையம் திறந்த நாள் முதலாகவே நகரத்தார் இப்பக்கம் நடக்க வருகிறார்கள். ரயில் கம்பெனியாரே பிற்காலத்தில் நடைவழிகளைக் குறித்துப் புத்தகம் போட்டு ஜனங்களை அழைத்திருக்கிறார்கள்.

நிலையத்தின் வாசலில் கூட்டம் சேர்ந்ததும், தலைவர் தூரத்தையும், ஏற்ற இறக்கங்களையும், பகலுணவுக்குத் தங்குமிடத்தையும் சொல்லி, ஆட்களை எண்ணிக்கொள்ளுகிறார். கூட்டத்தின் கடைசியில் வருவதற்கென்று ஒருவரை நியமிக்கிறார். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக்கூடாது, அவர் வந்து சேரும்வரை முன்னால் இருப்பவர்கள் பாதை பிரியுமிடத்தில் காத்திருக்க வேண்டும் என்பது விதி. தலைவரின் கழுத்தில் தொங்குவது 1791-ல் தோன்றிய ஆர்ட்னன்ஸ் சர்வே இலாகா வெளியிட்ட படம்: ஒவ்வொரு வேலியும் வாய்க்காலும் அதில் கறுப்பிலும் நீலத்திலும் இருக்க, பொதுப்பாதைகள் பச்சைப் புள்ளிக்கோடுகளாக வயல்களைக் குறுக்கே கடக்கின்றன. வழியிலும் கம்பங்களில் அம்புக்குறிகள் உண்டு. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும் உரிய பாதை. நீல அம்பு குதிரை, சைக்கிள் இரண்டுக்கும் இடந்தரும் பாதை. சில்டர்ன் பகுதியில் இந்தக் குறிகளைத் தீட்டிப் புதுப்பிப்பதும், இற்றுப்போன வாயில்களை மாற்றுவதும் 1965-ல் ஏற்பட்ட சில்டர்ன் சங்கத்தின் தொண்டர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவரும் திருப்பணி.

ஊரை விட்டு இறங்கியதும் முதலில் எதிர்ப்படுவது வேலி. ஏப்ரல் தொடக்கத்தில் வந்தால் பிளாக்தார்ன் என்னும் முட்செடி, ஓர் இலைகூட விடுவதற்கு முன்னே, கறுத்த கொம்பெல்லாம் வெள்ளைப் பூவாக நிற்கும். மே மாதத்தில் வந்தால், அது ஓய்ந்து, இலை தழைத்த ஹாதார்ன் தன் முறையைத் தொடங்கியிருக்கும். மாக்ஸ் ஹூப்பர் என்ற தாவர நிபுணர், 30 கஜ நீள வேலியில் எத்தனை வகை மரஞ்செடிகள் வளர்கின்றனவோ அத்தனை நூற்றாண்டுகள் அந்த வேலிக்கு வயது என்று ஒரு கணக்குச் சொன்னார். எல்லா இடத்துக்கும் அது பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் திருத்தியிருந்தாலும், நடைக்கூட்டத்தார் வேலியருகே நின்று ஹேசல், மேப்பிள், டாக்வுட் என்று விரல் மடித்து எண்ணிப் பார்க்கத் தவறுவதில்லை. அறியாத ஒருவருக்கு அறிந்த ஒருவர் ஒரு செடியைத் தொட்டுக் காட்டிச் சொல்லித் தரும் அந்த நிமிஷங்கள், எந்தப் பாடசாலையும் தரமுடியாத கல்வி என்பது என் அபிப்பிராயம்.

வேலியைக் கடக்க முன்பெல்லாம் ஸ்டைல் என்னும் மரப்படிகளே இருந்தன. ஏறிக் காலை மறுபுறம் வீசி இறங்க வேண்டும். முதுமையால் மூட்டு வலியுற்றவர்களை அவை வீட்டோடு நிறுத்தி வைத்துவிடும் என்பதனால், இப்போது பல இடங்களில் அவற்றை எடுத்துவிட்டு, வளைந்த கூண்டுக்குள் இப்புறமும் அப்புறமும் ஆடும் வாயில்களை வைத்திருக்கிறார்கள். ஒரு சமயத்தில் ஓர் ஆள் நுழையலாம். பசுவும் ஆடும் நுழையமுடியாது. மூட மறந்தார் என்ற குற்றம் யாருக்கும் வராது.

வயல்களில் குளிர்காலத்துக்கு முன்பே விதைத்த கோதுமை கரும்பச்சையாக இருக்கும். அடுத்த வயலில் கடுகின் நெருங்கிய இனமாகிய ரேப் செடி, எண்ணெய் வித்துக்காகப் பயிரிட்டது, ஆளுயரத்துக்கு மஞ்சளாய்ப் பூத்து, தேன் கலந்த ஒரு கனமான வாசனையைப் பரப்பும். வானம்பாடி வயலிலிருந்து செங்குத்தாக மேலெழுந்து, கண்ணுக்கு மறைந்த பிறகும் இடைவிடாமல் பாடும். அதற்கும் மேலே, வால் பிளவுபட்ட செந்நிறப் பருந்துகள் சுற்றும். வேட்டையினாலும் நஞ்சினாலும் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பூண்டோடு அற்றுப்போன அந்த இனத்தை, 1989 முதல் ஸ்பெயின் நாட்டிலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டு வளர்த்தார்கள். இன்று நடப்பவர்கள் அவற்றைப் பார்க்காமல் ஒரு மைல் போவதரிது.

சாரட் கிராமத்தின் கோயில் கிராமத்தில் இல்லை. நீண்ட பசும்புல் திடலைச் சுற்றி வீடுகள் ஓரிடத்தில் இருக்க, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருச்சிலுவைக் கோயில், ஊரை விட்டு விலகி, பள்ளத்தாக்கைப் பார்த்த மேட்டிலே, இரு பக்கமும் சரிந்த ஓட்டுக்கூரையைத் தலையிற் கவிழ்த்த கோபுரத்தோடு நிற்கிறது. எதிரே ஒரு பழைய விடுதி. பக்கத்தில் ஏழை முதியோருக்காகக் கட்டிய சிறு வீடுகளின் வரிசை. அங்கிருந்து பாதை செங்குத்தாக ஆற்றுக்கு இறங்குகிறது.

செஸ் ஆற்றின் நீரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சில்டர்ன் குன்றுகள் சுண்ணக் கற்பாறையால் ஆனவை. மழைநீர் அந்தப் பாறைக்குள் ஊறி இறங்கி, மாதக்கணக்கில் வடிகட்டப்பட்டு, அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஆகையால் அது பளிங்குத் தெளிவுடையது, கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பம் அதிகம் மாறாதது. உலகத்திலுள்ள இத்தகைய ஓடைகளிற் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே இருக்கின்றன. பனிக்காலத்திலும் உறையாத இந்த நீரை நம்பியே, விக்டோரியா ராணியின் காலத்தில் இக்கரையோரம் முழுவதும் பாத்தி கட்டி வாட்டர்கிரஸ் என்னும் நீர்க்கீரையைப் பயிரிட்டு, கூடைகூடையாக ரயிலேற்றி லண்டன் சந்தைக்கு அனுப்பினார்கள். இப்போது அந்தத் தொழில் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது; பல இடங்களில் பாத்திகளின் தடம் மட்டும் தெரிகிறது.

ஆற்றோரமாக மேற்கே செல்லும்போது, வயலோரத்தில் தனித்து ஒரு கல்லறை. வில்லியம் லிபர்ட்டி என்ற செங்கல் சூளைக்காரர், கோயில் மயானத்தில் அல்லாமல் தம் சொந்த நிலத்திலேயே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்று விரும்பி, 1777-ல் இங்கே அடக்கமானார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மனைவி ஆலிஸும் அருகே வந்து சேர்ந்தாள். தம் நிலத்தில் தனிமையை நாடிய மனிதரின் பக்கத்தில், பொதுப்பாதை வழியே வருகிறவர்கள் எல்லாரும் நின்று பெயரைப் படித்துவிட்டுப் போகிறார்கள். அப்பால் லாட்டிமர்: நடுவே குழாய்க்கிணறு நிற்கும் சிறு முக்கோணத் திடலும், அதைச் சூழ்ந்த பழைய வீடுகளும். ஆற்றைக் கடந்து தென்மேட்டில் ஏறினால் செய்னீஸ். பெட்போர்டு பிரபுக்களின் முன்னோர் வாழ்ந்த செங்கல் மாளிகையும், அவ்வமிசத்தாரின் சமாதிகள் நிறைந்த கோயிலும் அங்கே உள்ளன.

இந்த மேட்டுச் சரிவுகளில் பீச் மரக்காடுகள் உண்டு. பீச் மரம் இலை விரித்து வெயிலை அடைப்பதற்கு முன்னுள்ள சில வாரங்களில், காட்டுத் தரை முழுவதும் புளூபெல் என்னும் நீல மணிப்பூ பூத்துவிடுகிறது. இதன் இலை ஒருமுறை மிதிபட்டால் கிழங்கு நலிந்து, மீண்டும் தேறப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே படம் எடுக்கும் ஆசையிலே பாதையை விட்டு இரண்டடி எடுத்து வைக்கிறவரைக் கூட்டத்தார் அன்போடு, ஆனால் உறுதியோடு, திருப்பி அழைத்துக்கொள்ளுகிறார்கள். கோதுமை வயலிலும் இதே ஒழுங்குதான். பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள், வயலின் வாயிலில் பேச்சை நிறுத்தாமலே, தாமாக ஒற்றை வரிசையாகிவிடுகிறார்கள்.

இந்த ஒழுக்கத்தின் பின்னால் ஒரு போராட்டத்தின் சரித்திரம் இருக்கிறது. 1879-ல் லெஸ்லி ஸ்டீபன் என்ற பேரறிஞர் தம் நண்பர்களைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை நடைக்கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். அது கற்றவர்களின் கூட்டம். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளருக்கோ நடை என்பது புகை சூழ்ந்த தெருவிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை கிடைக்கும் மூச்சு. 1900-ல் ஷெபீல்டு நகரில் ஜி. எச். பி. வார்டு தொழிலாளர் நடைச்சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். வயல்களில் பழைய பாதைகள் இருந்தன; ஆனால் மான்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடைப்பட்ட கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம் செல்வர்களின் பறவை வேட்டைக்கென்று அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24, ஒரு வசந்தகால ஞாயிறு. இருபது வயது இளைஞரான பென்னி ராத்மன் தலைமையில் சுமார் 400 பேர் தடையை மீறி அம்மேட்டில் ஏறினார்கள். காவற்காரர்களோடு கைகலப்பு நேர்ந்தது. அத்துமீறிப் பிரவேசித்ததற்காக அன்று, கலகம் முதலிய குற்றங்களுக்காக என்று, ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

அக்கால நடைச்சங்கத் தலைவர்களே பலர் அச்செயலை ஏற்கவில்லை. நிதானமாக மனுச் செய்து பெறவேண்டியதை முரட்டுத்தனம் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். ஆயினும் அந்த இளைஞர்களின் சிறைவாசமே பொதுஜனங்களின் நெஞ்சைத் தொட்டது என்பதில் ஐயமில்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1951-ல் முதலில் ஏற்பட்ட தேசியப் பூங்கா, கிண்டர் ஸ்கவுட்டை உள்ளடக்கிய பீக் டிஸ்ட்ரிக்டே. 2000-ஆம் ஆண்டுச் சட்டம், மேட்டுநிலங்களிலும் பொதுநிலங்களிலும் பாதையை விட்டும் நடக்கும் உரிமையை எல்லாருக்கும் அளித்தது. 2002-ல், எழுபதாண்டு நிறைவு விழாவிலே, அந்நிலத்தை அடைத்து வைத்திருந்த டெவன்ஷர் பிரபுவின் பேரர், தம் பாட்டனார் செய்தது தவறு என்று எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார்.

உரிமையைப் பற்றி இவ்வளவு சொல்லும்போது உழவரின் பொறுமையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வசந்தம் ஆடுகள் குட்டி ஈனும் பருவம். கட்டவிழ்ந்த நாய் ஒன்று துரத்தினால் சினையாடு கருச்சிதைந்து போகும். திறந்துவிட்ட ஒரு வாயிலால் மந்தை சாலைக்கு வந்துவிடும். 1951 முதல் அரசாங்கம் வெளியிட்டுவரும் கிராமப்புற நடத்தை விதிகள், வாயிலை இருந்தபடியே விட்டுச் செல், நாயைக் கட்டிப் பிடி, குப்பையைக் கையோடு எடுத்துப் போ என்று திரும்பத் திரும்பச் சொல்லுவதெல்லாம் இதை உணர்ந்துதான். நடப்பவர்களுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கன்றோடு நிற்கும் பசு, நாயைக் கண்டால் பாய்ந்து வரும். அப்போது நாயை அவிழ்த்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும் என்பது அநுபவசாலிகளின் உபதேசம். பாற்பண்ணை இனத்தைச் சேர்ந்த பத்து மாதத்துக்கு மேற்பட்ட காளையைப் பொதுப்பாதை செல்லும் வயலில் விடவே கூடாதென்றும், மற்ற இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்துத்தான் விடலாமென்றும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்திருக்கிறது.

இந்த நடைக்கூட்டங்களில் நெடுங்காலம் வெள்ளையரே மிகுந்திருந்தார்கள். கிராமப்புறம் தங்களுக்கு உரியதன்று என்ற எண்ணம் குடியேறிய சமூகங்களில் பலருக்கு இருந்துவந்தது. 2019-ல் ஏற்பட்ட பிளாக் கேர்ள்ஸ் ஹைக் போன்ற கூட்டங்கள் அதை மாற்ற முற்பட்டிருக்கின்றன. நம்மவரைப் பற்றியும் சொல்லலாம். ஹாரோவிலும் வெம்பிளியிலும் ஈழத்தமிழர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்கள் தினந்தோறும் வேலைக்குச் செல்லும் அதே மெட்ரோபாலிட்டன் ரயில், எதிர்த்திசையில் ஏறினால், சோர்லிவுட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பொதுப்பாதையில் நடப்பதற்கு எவரிடத்தும் அநுமதி வேண்டியதில்லை. குடியுரிமைச் சான்றும் வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் நீல மணிப்பூவுக்கு உகந்தவை. சேற்றுக்கு அஞ்சாத உயர்ந்த காலணி, மழைச்சட்டை, ஃபிளாஸ்க்கில் தேநீர், அந்தப் பகுதியின் நடைபாதைப் படம் இவை கையில் இருந்தால் போதும். மதியம் விடுதிக்குள் நுழையும்போது சேறு படிந்த காலணியை வாசலில் கழற்றிவிட்டோ, அதன்மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டோ செல்லவேண்டும் என்ற மரியாதையை மட்டும் மறக்கலாகாது.